தனியே சென்றோமா?

வெளியூர் புறப்படுகிறவரைப் பார்த்துக் கரிவலம்வந்தநல்லூரில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ‘எங்க பயணம்?’ என்பது முதலாவது. ‘கூட யாரு வாராக?’ என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு எந்த ஊரின் பெயரைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். இரண்டாவதற்கு, ‘ஒருவருமில்லை, தனியாகத்தான்’ என்று விடை சொல்லிவிட்டாலோ, கேட்டவர் முகத்தில் கவலை படர்ந்துவிடும். வீட்டில் ஏதேனும் மனத்தாங்கலோ, வெளியில் சொல்ல முடியாத நோயோ என்று அவர் உள்ளம் ஓடும். திருமண வீட்டிற்கும் துட்டி வீட்டிற்கும் திருத்தலங்களுக்கும் வண்டி கட்டிக்கொண்டு கூட்டமாகவே சென்று பழகிய மக்களல்லவா நாம்!

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, தோளில் ஒரு பையுடன் பேருந்திற்குக் காத்திருந்தபோது நாமும் அக்கேள்விகளுக்கு ஆளானோம். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். இராமேசுவரம் என்றோம். தனியாகத்தான் என்றோம். வேலை ஒன்றுமில்லை, ஒரு நாள் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குத்தான் என்றும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, “பாக்கிறதுக்கு அம்புட்டுத் தூரமா? அதுவும் ஒத்தையிலயா?” என்றார். அதில் ஏளனம் இல்லை. உண்மையான வியப்பே இருந்தது. பேருந்தில் ஏறி அமர்ந்த பின்னரும் அக்கேள்வி நம்முடனேயே வந்தது. அழகைத் தேடித் தனியே செல்லுதல் தன்னலமாகுமா? அவ்வாறு சென்று கண்டு மகிழ்கிறவர், அந்த மகிழ்ச்சிக்காக எவருக்கேனும் கடன்பட்டவரா?

இரவுப் பயணத்தில் இதற்கு விடை எளிதென்றே தோன்றியது. கூட்டத்தோடு செல்பவர் பெரும்பாலும் கூட்டத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார். துணை இருந்தால் பேச்சு இருக்கும்; பேச்சு வளர்ந்தால் காட்சி பின்னுக்குச் சென்றுவிடும். ஒரு சிற்பத்தின் முன் அரைமணி நேரம் நிற்க விரும்புகிறவருக்கு, ‘போதும், வாருங்கள்’ என்று கையைப் பிடித்திழுக்கும் உறவினர் துணையாக மாட்டார். சான்று தேடியபோது திருமறையும் நமக்குக் கைகொடுத்தது. மக்கள் வருவதும் போவதுமாய் இருந்தமையால் உண்பதற்கும் நேரமில்லாதிருந்த சீடர்களைத் தனிமையான ஓரிடத்திற்குச் சென்று சற்று ஓய்வெடுக்குமாறு ஆண்டவர் அழைத்ததை மாற்கு நமக்குச் சொல்கிறார். எகிப்தின் பாலைநிலத்தில் துறவியர் தேடியதும் தனிமையைத்தான். ஆகவே தனிமை குற்றமன்று, அது ஓர் அறம் என்று நம் மனச்சான்றுக்குத் தீர்ப்பெழுதிக் கொடுத்துவிட்டு உறங்கிப்போனோம். மாற்கு சொல்லும் அந்நிகழ்ச்சியின் பிற்பகுதியை அன்றிரவு நாம் வசதியாக மறந்திருந்தோம்.

இராஜபாளையம் வழியாக மதுரை சென்று, அங்கிருந்து வேறு பேருந்தில் விடியற்காலையில் பாம்பனை அடைந்தோம். 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் வண்டி ஏறியபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் நூறாண்டுகளுக்கும் மேலாக உழைத்து, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமே இப்போது இரயிலைச் சுமக்கிறது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும்பி வழிவிடும். கீழே படகுகள் வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தன. நிலத்தை விட்டுத் தீவிற்குள் நுழைகின்ற அந்தச் சில நிமிடங்களில், உள்ளத்தின் சுமைகளும் பாலத்திற்கு அப்பாலேயே நின்றுவிட்டதைப் போன்றதோர் உணர்வு. தீவுகளின் மீது மனிதருக்குள்ள மாறாத ஆசைக்குக் காரணம் இதுதானோ?

முதலில் இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் நடந்தோம். இரு மருங்கிலும் உயர்ந்த மேடைகள். அவற்றின் மீது அணிவகுத்து நிற்கும் தூண்கள். தூரம் செல்லச் செல்ல அவை ஒன்றையொன்று நெருங்கி ஒரு புள்ளியில் மறைகின்ற காட்சி. தூண்களின் எண்ணிக்கையை 1,212 என்பார்கள். சேதுபதி மன்னர்களின் காலத்தில் எழுந்து, 18-ஆம் நூற்றாண்டில் நிறைவு பெற்ற பணி அது. அதிகாலையாதலால் கூட்டம் மிகுதியாக இல்லை. ஒரு தூணின் அடியில் நின்று பார்த்தபோது ஓர் எண்ணம் எழுந்தது. இந்தத் தீவு மணலாலும் பவளப் பாறையாலும் ஆனது. இங்கே கருங்கல் கிடையாது. அவ்வாறாயின் இத்தூண்களுக்கான கற்கள் அனைத்தும், பாலமில்லாத அக்காலத்தில், கடல் கடந்தல்லவா வந்திருக்க வேண்டும்? படகில் ஏற்றியவர் யார், இறக்கியவர் யார், கடலில் கல்லோடு மூழ்கியவரும் உண்டோ? மன்னர் பெயர் தெரிகிறது. இவர்கள் பெயர் தெரியவில்லை. ஆனால் இந்த எண்ணம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அழகில் மயங்கிய கண் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த தூணுக்குச் சென்றது.

அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் பேருந்தில் ஏறினோம். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் மணலிலும் நீரிலும் வண்டிகள் தத்தளித்தே செல்லும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பின்னர் பயணம் எளிதாகிவிட்டது. விடுமுறை நாள்களில் அச்சாலை வண்டிகளால் நிரம்பி வழியும். நாம் சென்றது வாரத்தின் நடுநாள். அதிலும் காலை வேளை. அரிச்சல்முனையில் நம்மையன்றி நான்கைந்து பேரே நின்றிருந்தனர்.

கண்ட காட்சியை உள்ளவாறே சொல்லிவிட முடியுமா என்பது ஐயமே. இடப்புறம் பாக் நீரிணை. அலையே இல்லாத பச்சைப் படுகை. வலப்புறம் மன்னார் வளைகுடா. ஓயாமல் எழுந்து விழும் கருநீலம். முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அங்குள்ள மீனவர் அழைப்பர். இரண்டிற்கும் இடையில் ஒரு விரலைப் போல நீண்டு, தேய்ந்து, முடிவில் கரைந்துபோகிறது மணல். அதற்கப்பால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில் தலைமன்னார். திரும்பும் வழியில் ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நின்று தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. குளிர்காலந்தோறும் அவை இங்கு வருகின்றன. 2025-இல் தமிழ்நாடு அரசு அப்பகுதியைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்திருக்கிறது. ஆமைகள் இக்கரையின் மணலில் முட்டையிடுவதும் இந்தப் பருவத்தில்தான். வனத்துறையினர் அம்முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். பேச்சொலி இல்லை, வண்டியொலி இல்லை, காற்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தது. தேடிவந்த அமைதி முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று உள்ளம் நிறைந்தோம்.

அந்த அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை நாம் அறியாதவரல்லோம். அறிந்தும் அதனை ஒரு சுவையான செய்தியாகவே சுமந்துகொண்டிருந்தோம். 1914 முதல் அரை நூற்றாண்டுக் காலம் தனுஷ்கோடி ஓர் அமைதியான இடமாகவே இருந்ததில்லை. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட இரயில் இங்கே வந்து நிற்கும். பயணிகள் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் செல்வர்; அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு சேர்வர். ‘போட் மெயில்’ என்று நம் பாட்டனார் காலத்தில் பெயர் பெற்ற பயணம் இதுதான். இரயில் நிலையம், அஞ்சலகம், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம், கடைகள், மீனவர் குடியிருப்புகள் என்று நெருக்கமாக வாழ்ந்த ஊர் அது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் இரயில் ஒன்று, உள்ளிருந்த நூற்றுக்கு மேற்பட்டவரோடு அலைக்கு இரையாயிற்று. ஊரில் மாண்டவர் பல நூற்றுவர். பாம்பன் பாலமும் சிதைந்தது. அதனை 46 நாள்களில் சீரமைத்துவிட்டனர். ஊரையோ எவரும் சீரமைக்கவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. எஞ்சியோரில் பலர் வேறிடங்களுக்குச் சென்றனர். சிலர் கடலை விட்டுப் பிரிய மனமின்றிக் குடிசையிட்டு அங்கேயே தங்கினர்.

இடிந்த தேவாலயத்தின் முன் வந்து நின்றபோது நண்பகலாகிவிட்டிருந்தது. பவளக் கற்களாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்ட சுவர்கள், கூரை இல்லை. கற்களைக் காற்றும் உப்பும் அரித்து, அவற்றுள் உறைந்திருந்த பவளப் பூச்சிகளின் பின்னலை மீண்டும் வெளியே கொண்டுவந்திருந்தன. பீடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், சுவரின் திறப்பின் வழியே நீல வானம் தெரிந்தது. சிற்பியின் கையும் இயற்கையின் கையும் சேர்ந்து செய்த வேலை போல் இருந்தது. இதுபோன்றதோர் அழகை நாம் எந்தக் கலைக்கூடத்திலும் கண்டதில்லை.

கையிலிருந்த புகைப்படக் கருவியை எடுத்தோம். ஆனால் காட்சி முழுமையாக அமையவில்லை. சுவரின் நிழலில், சரியாகக் காட்சியின் நடுவே, ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். முன்னே ஒரு கூடை. அதில் சிப்பி மாலைகளும் சங்குப் பொம்மைகளும். எழுந்து செல்வார் என்று சிறிது நேரம் காத்திருந்தோம். அவர் எழவில்லை. உள்ளத்தில் மெல்ல ஓர் எரிச்சல் எழுந்தது. அருகில் சென்று, “அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கமா உட்கார முடியுமா? ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்” என்றோம். குரல் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது என்னவோ, ‘என் காட்சியிலிருந்து விலகு’ என்பதுதான்.

“எடுத்துக்கங்க ஐயா, இந்தா நகந்துர்றேன்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். இரண்டடி நடந்தவர் திரும்பி, “எல்லாரும் இந்த எடத்துல இருந்துதான் எடுக்குறாக. எனக்கு ஞானஸ்நானம் குடுத்ததும் இங்கனதானாம், எங்க ஆத்தா சொல்லும்” என்றார்.

படம் எடுக்கக் கை எழவில்லை. சற்றுப் பொறுத்து, புயலின் போது எத்தனை வயது என்று கேட்டோம். நான்கு வயதாம், ஒன்றும் சரியாக நினைவில்லையாம். தாயின் தோளில் ஏறியிருந்ததும், இருட்டும், நீரின் ஓசையும் மட்டும் நினைவிருக்கின்றனவாம். தந்தையும் அண்ணன் ஒருவரும் திரும்பவில்லை. பின்னர் இராமேசுவரத்தில் வளர்ந்து, மணமாகி, கணவரைக் கடலுக்குக் கொடுத்து, இப்போது நாள்தோறும் காலையில் வந்து மாலையில் திரும்புகிறார். இதையெல்லாம் அவர் முறையீடாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடையாகச் சொன்னார். கோயில் அழகாக இருக்கிறது என்று ஏதோ சொல்லி வைத்தோம். அவர் தலையசைத்துவிட்டு, “அழகாத்தான் இருக்கு. இடியாம இருந்தப்ப நாங்க மட்டுந்தான் வருவோமாம். இடிஞ்ச பெறகுதான் ஊரே வருது” என்றார்.

நம் நீர்க்குப்பி வெறுமையாக இருப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். அழைத்துச் சென்று, மணலில் முழங்கையளவு ஆழத்திற்குத் தோண்டியிருந்த ஊற்றைக் காட்டினார். இருபுறமும் கடல், நடுவே இனிய நீர்! மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத் தங்கியிருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் மேலேறிவிடும். எவ்வளவு தோண்டலாம், எவ்வளவு மொள்ளலாம் என்பது அங்குள்ள பெண்களின் கைகளுக்குத் தெரியும். ஒரு சிரட்டையால் மெதுவாக மொண்டு நம் குப்பியை நிரப்பிக் கொடுத்தார். இடத்தைவிட்டு நகரச் சொன்னவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர்.

அன்று மாலை பேருந்திற்குக் காத்திருக்கையில்தான் மாற்கு சொன்ன நிகழ்ச்சியின் பிற்பகுதி நினைவிற்கு வந்தது. தனிமையை நாடிப் படகில் சென்றவர்கள் கரையை அடைந்தபோது, அங்கே மக்கள் கூட்டம் அவர்களுக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தது. ஓய்விற்காக வந்த இடம் பறிபோயிற்று. ஆனாலும் ஆண்டவர் அவர்களை விலகி நிற்கச் சொல்லவில்லை; பரிவு கொண்டார், அமர்ந்து கற்பித்தார், இறுதியில் அப்பமும் அளித்தார். அவருடைய தனிமையில் பிறருக்கு இடமிருந்தது. நாம் தேடிச் சென்ற தனிமையிலோ, அந்த இடத்திற்கே உரியவருக்கும் இடமில்லை. பெரியவரின் கேள்விக்கு முந்தைய இரவில் நாம் எழுதிய தீர்ப்பு அங்கேதான் தவறியிருந்தது.

நாம் தேடிச்சென்று நுகரும் அமைதி பல இடங்களில் இயற்கை கொடுத்த கொடையாக இருப்பதில்லை. யாரோ சிலர் இல்லாமற் போனதால் விளைந்த வெறுமையாகவே இருக்கிறது. தனுஷ்கோடியில் பேச்சொலி இல்லாததற்குக் காரணம், பேசிக்கொண்டிருந்தவர்கள் மாண்டதும் குடிபெயர்ந்ததும்தான். அந்த மௌனத்தை ‘அமைதி’ என்று பெயரிட்டு நாம் வாங்கிக்கொள்கிறோம். அதற்கு விலை கொடுத்தவர்களோ நம் காட்சியில் குறுக்கே நிற்பவர்களாகிவிடுகிறார்கள்.

இது நம் கடற்கரையில் மட்டும் நிகழ்வதன்று. ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் நவோஷிமா என்றொரு சிறு தீவு இருக்கிறது. தனியே சென்று கலையையும் இயற்கையையும் கண்டு வர விரும்புவோர் உலகெங்கிலுமிருந்து இன்று அங்கே செல்கின்றனர். 1917 முதல் அத்தீவில் செம்பு உருக்காலை இயங்கியது. அதன் புகையால் மலைகள் மொட்டையாயின. வேலை தேடி இளைஞர்கள் வெளியேறினர். 1992-க்குப் பிறகு அங்கே கலைக்கூடங்கள் எழுந்தன. தடாவோ ஆண்டோ என்னும் கட்டடக் கலைஞர், மலையின் வடிவம் கெடாதிருக்க ஒரு கலைக்கூடம் முழுவதையும் நிலத்தடியில் அமைத்தார். 2004-இல் அது திறக்கப்பட்டது. பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளங்களை அங்கே மேலிருந்து இறங்கும் பகலொளியில் காணலாம். நிலத்திற்கு இத்தனை மரியாதை காட்டிய கலையைப் போற்றத்தான் வேண்டும்.

அதே கடலில் ஓஷிமா என்னும் மற்றொரு தீவும் உண்டு. 1909 முதல் தொழுநோயாளர்களைக் கொண்டுசென்று விட்ட தீவு அது. நோயைக் குணமாக்கும் மருந்து வந்த பின்னரும் அவர்களை ஒதுக்கிவைக்கும் சட்டம் நீங்கவில்லை; 1996-இல்தான் அது நீக்கப்பட்டது. 2001-இல் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று, அச்சட்டம் அரசமைப்பிற்கே மாறானது என்று தீர்ப்பளித்தது. ஒரே கடல், ஒரே நீலம். ஒரு தீவிற்கு மனிதர் பணம் கொடுத்துத் தனிமையைத் தேடிச் சென்றனர். மற்றதில் மனிதர்மீது தனிமை திணிக்கப்பட்டது. 2010-இல் தொடங்கிய கலைவிழாவின்போது பயணிகளின் படகுகள் ஓஷிமாவிலும் நின்றன. வெறும் அழகைக் காண மட்டும் அங்கே எவரும் இறங்கிவிட முடியாது. அங்கு வாழ்ந்தவரின் கதையைக் கேட்டே ஆகவேண்டும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நிலத்தைப் பாட வந்த பண்டைத் தமிழர், அதனை வெறும் காட்சியாகப் பாடவில்லை. தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். பறவையும் மரமும் மட்டுமன்றி, அங்கு வாழும் மக்கள், அவர்தம் உணவு, தொழில், தெய்வம் ஆகியவையும் கருப்பொருளில் அடங்கும். மாந்தர் உள்ளத்தின் ஒழுக்கமே உரிப்பொருள், அதற்காகவே மற்றவை. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு அவர்கள் உரிப்பொருளாக வைத்ததோ இரங்கல். கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை கரையில் நின்று கலங்கும் உள்ளம் அது. அந்த உள்ளத்தை நீக்கிவிட்டு மணலையும் அலையையும் மட்டும் பார்ப்பவர், நெய்தலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறார். மூதாட்டியை விலகச் சொன்ன நாம் அன்று விலக்க முயன்றது கருப்பொருளையும் உரிப்பொருளையுமே.

அப்படியானால் அத்தகைய இடங்களுக்குச் செல்லவே கூடாதா? அழகைக் கண்டு மகிழ்வது இரக்கமற்ற செயலா? இவ்வாறு கேட்பவர்களும் உண்டு. அவர்களோடு நாம் முழுமையாக உடன்படவில்லை. நாம் செல்லாவிட்டால் அம்மூதாட்டியின் கூடை நிறைந்தபடியே வீடு திரும்பும். அவருக்கு நம்முடைய குற்ற உணர்வால் ஆவது ஒன்றுமில்லை. மேலும், அவ்விடத்தின் அழகு பொய்யன்று. அவரே அதனை அழகு என்றுதான் சொன்னார். துயரம் நேர்ந்த இடத்தில் வானம் நீலமாக இருக்கக்கூடாது என்று எவரும் ஆணையிட முடியாது. படைத்தவன் இடிபாட்டின் மீதும் அதே ஒளியைத்தான் பொழிகிறான். கண்ணை மூடிக்கொள்வதால் மாண்டவருக்கு மரியாதை செய்ததாக ஆகாது.

மற்றொரு மறுப்பும் உண்டு. பார்க்கும் இடந்தோறும் அதன் துயர வரலாற்றையே தோண்டிக்கொண்டிருந்தால், ஓய்வு என்பதே இல்லாமற் போகாதா? உழைத்துக் களைத்தவருக்கு ஒரு நாள் இளைப்பாறுதல் வேண்டாமா? வேண்டும். அதனால்தான் இதனைச் சட்டமாகச் சொல்ல நாம் விரும்பவில்லை. விருந்தாளியின் ஒழுக்கமாகச் சொல்கிறோம். ஒருவர் வீட்டிற்கு விருந்தினராகச் செல்கிறோம். அவ்வீட்டின் கடன்களையும் கண்ணீரையும் கணக்கெடுப்பது நம் வேலையன்று. ஆயினும் வீட்டுக்காரரை எழுந்து வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவர் வீட்டுத் திண்ணையின் அழகை வியந்துகொண்டிருக்க மாட்டோம். அவர் பெயரைக் கேட்போம், அவர் தரும் தண்ணீரைப் பருகுவோம், விடைபெற்று வருவோம். அந்நிய ஊரில் அழகைக் காணச் செல்பவருக்கு இதைவிடக் கடினமான அறம் ஒன்றும் விதிக்க வேண்டியதில்லை. ஆனால் இதைவிடக் குறைவான அறமும் போதாது.

இயற்கைக்கும் இது பொருந்தும். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றில் இரண்டு கடலுக்குள் மூழ்கிப்போயின. கட்டடத்திற்கும் சுண்ணாம்பிற்குமாக அவற்றைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்ததே அதற்குப் பெருங்காரணம். 2001 முதல் பவளத்தைச் சட்டம் காக்கிறது. நாம் வியந்து நின்ற தேவாலயச் சுவரும் அதே கடலிலிருந்து எடுத்த கல்லால் ஆனதுதான். இந்த வரலாற்றில் முற்றிலும் தூய கை எதுவுமில்லை. நினைவுப்பொருளாக ஒரு பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்ளும் பயணியின் கையும் அவற்றுள் ஒன்று.

அன்று மூதாட்டியிடம் இரண்டு சிப்பி மாலைகள் வாங்கினோம். அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. அவர் கேட்ட விலையைக் கொடுத்தோம், அவ்வளவே. “படம் எடுக்கலையா ஐயா?” என்று நினைவூட்டினார். நீங்கள் இருக்கும்படியாக எடுக்கலாமா என்று கேட்டோம். சிரித்துவிட்டு, “நான் எதுக்கு? கோயில எடுங்க” என்றார். எடுக்கவில்லை. மாலைக்குமேல் அங்கே பயணிகள் தங்க இயலாது. கடைசியில் கிளம்பியவர்களோடு பேருந்தேறினோம். சாலையோரத்தில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தது சன்னல் வழியே தெரிந்தது.

ஊர் திரும்பும் வழியில் நம் ஊரின் பெயர் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. யானை ஒன்று வலம் வந்து வழிபட்டமையால் கரிவலம்வந்தநல்லூர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். சிறுவயது முதல் சொல்லியும் எழுதியும் பழகிய பெயர். பொருளை எண்ணிப் பார்த்ததேயில்லை. ஒன்றைக் காண்பதற்கு வலம் வருதல் என்றொரு முறையும் உண்டு. வலம் வருகிறவர் நடுவில் நிற்பதில்லை. காணப்படும் பொருளே நடுவில் நிற்கிறது. எல்லாப் பக்கமும் சுற்றி வருவதால், முகப்பில் இருப்பதை மட்டுமன்றி, பின்புறத்தையும் நிழலையும் அங்கே அமர்ந்திருப்பவர்களையும் அவர் காண்கிறார். நாமோ ஓரிடத்தில் காலூன்றி நின்றுகொண்டு, நம் கண்ணுக்கு ஏற்றபடி உலகை நகரச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அத்துணைப் பெரிய உடம்பைக் கொண்ட யானைக்குக்கூட இயன்ற பணிவு நமக்கு இயலாதா?

மறுநாள் காலையில் பேருந்தைவிட்டு இறங்கியபோது அதே தேநீர்க் கடையில் அதே பெரியவர் அமர்ந்திருந்தார். “என்ன, ஒத்தையிலயே போயிட்டு வந்துட்டீகளா?” என்று கேட்டார். ஆம் என்று சொல்ல வாயெடுத்தோம், சொல் வரவில்லை. பையிலிருந்த குப்பியில் தனுஷ்கோடி ஊற்றின் நீர் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் அருகில் அமர்ந்து, அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம்.